மலடு என்ற பழி யார் தலையில்?

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. வீட்டில் முதல் பேச்சு யாரைக் குறித்து எழுகிறது? பெண்ணைக் குறித்துத்தான். வேண்டுதல், விரதம், அரச மரம் சுற்றுவது, நாட்டு மருந்து எல்லாம் அவளுக்கே. இதுவும் பலிக்காவிட்டால் புருஷனுக்கு இரண்டாம் தாரம் தேடும் குடும்பங்களை நம் தொழிலாளர் குடியிருப்புகளிலேயே பார்த்திருக்கிறோம். தொழுவத்திலும் இதே நியாயம்தான். இரண்டு மூன்று தடவை சினை ஊசி போட்டும் பசுவுக்குப் பிடிக்கவில்லையா? மலட்டு மாடு, அடிமாட்டுக்கு ஓட்டு!

அந்தப் புருஷன் எட்டு மணி நேரம் எந்தத் தூசைச் சுவாசிக்கிறான், அந்த மாடு எதைத் தின்று எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று கேட்பவர் இல்லை. இந்தக் கேள்வியை ஒரே ஓர் உலோகத்தை முன்னால் வைத்துக் கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். அதன் பெயர் மாங்கனீஸ்.

மாங்கனீஸ் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. இந்தியாவில் முதன்முதலில் இந்தத் தாதுவை வெட்டியது 1890-களின் தொடக்கத்தில், அன்றைய சென்னை ராஜதானியில் இருந்த விசாகப்பட்டினம் ஜில்லாவில், விஜயநகரம் பக்கத்தில். பின்னால் பாலாகாட், நாகபுரி, பண்டாரா, ஒரிஸா, சண்டூர் என்று சுரங்கங்கள் பெருகின. வெட்டிய தாதுவில் மிகப் பெரும்பகுதி எஃகுக்குப் போகிறது. மீதி? டார்ச் லைட் பாட்டரிக்குள் இருக்கும் கறுப்புத் தூள் அதுதான். வெல்டிங் குச்சி எரியும்போது எழும் புகையில் அது இருக்கிறது. ஜீன்ஸ் துணிக்கு வெளிறிய தோற்றம் வருவதற்காகத் தெளிக்கிற பர்மாங்கனேட் கரைசலிலும் இருக்கிறது. வயலில் அடிக்கும் மாங்கோசெப் என்ற பூஞ்சாள மருந்திலும் இருக்கிறது. ஆகவே ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதைச் சேர்ந்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.

இல்லாமலும் கெடும், மிஞ்சினாலும் கெடும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மாங்கனீஸ் வெறும் விஷம் அல்ல. அது அணுவளவாவது இல்லாமல் எந்தப் பிராணியும் இனம் பெருக்க முடியாது. இது 1931-ல் ருசுவான விஷயம். அமெரிக்காவில் எலிகளுக்கு மாங்கனீஸ் நீக்கிய தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளின் விதைகள் சிதைந்துபோயின. பெண் எலிகள் ஈன்ற குட்டிகளைப் பேணிப் பாலூட்டவில்லை. கோழிக்கும் அப்படித்தான். தீனியில் இது குறைந்தால் முட்டை ஓடு மெலியும், அடை வைத்த முட்டையில் குஞ்சு பொரிப்பது குறையும், பொரித்த குஞ்சுக்கும் குதிகால் நரம்பு நழுவிக் கால் கோணும். பசு மாடு பருவத்துக்கு வருவதே வெளியே தெரியாமல் போகும். ஊசி போட்டாலும் பிடிக்காது. பிடித்தாலும் மூட்டு வீங்கி, கால் கோணிய கன்று பிறக்கலாம்.

இதைப் படித்தவுடன் மாங்கனீஸ் பொட்டலம் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். நம் டெல்டா மாட்டுக்கு முக்கியத் தீனி வைக்கோல். நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் இறுகிக் கிடக்கும் மாங்கனீஸ் கரைந்து பயிருக்குள் ஏறிவிடுகிறது. அதனால் வைக்கோலில் மாங்கனீஸுக்குப் பஞ்சம் இல்லை. வைக்கோலில் இல்லாதவை வேறு: பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம், புரதம். பசும்புல்லும் பிண்ணாக்கும் கொஞ்சம் தாது உப்புக் கலவையும் கிடைத்தாலே பாதி மலட்டு மாடுகள் சினைப்படும். அதை வாங்கிப் போடக் கூலிக்காரனிடம் காசு இல்லை என்பதுதான் பல தொழுவங்களில் நோயின் மூலகாரணம். அந்தப் பேச்சு தனியே நடத்த வேண்டியது, இப்போதைக்கு விடுவோம்.

மிஞ்சினால் என்ன ஆகும்? தீனியோடு வயிற்றுக்குள் போகும் மாங்கனீஸில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குதான் உடம்பில் ஏறுகிறது. ஏறியதையும் ஈரல் பித்த நீரோடு வெளியே தள்ளிவிடும். இது இயற்கை கட்டி வைத்திருக்கும் மதகு. ஆனால் தூசாகவோ புகையாகவோ மூச்சில் போவது இந்த மதகைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், மூக்கின் நரம்பு வழியே மூளைக்கும் போகிறது. உடம்பில் அது தங்கும் இடங்களில் விதைகளும் உண்டு. சுரப்பிகளுக்கு உத்தரவு போடும் மூளையின் அடிப்பகுதியும் உண்டு. ஆண்மைக்கும் பெண்மைக்கும் கடிவாளம் பிடிக்கும் இடம் அதுதான்.

லக்னோ முயல்கள்

இதற்கு ருசு எங்கே? நம் நாட்டிலேயே இருக்கிறது. 1965-ல் லக்னோவில் மத்திய சர்க்காரின் தொழில் நச்சியல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே முயல்களின் மூச்சுக்குழாய்க்குள் மாங்கனீஸ் டையாக்ஸைடைச் செலுத்தினார்கள். எடையில் கிலோவுக்கு 250 மில்லிகிராம், அதுவும் ஒரே ஒரு தடவை. பிறகு பல மாதங்கள் காத்திருந்து பார்த்தார்கள். விந்து உற்பத்தியாகும் குழல்கள் மெல்ல மெல்லச் சிதைந்தன. கடைசியில் ஆண் முயல்கள் மலடாயின. எலிகளிடத்திலும் அங்குள்ள விஞ்ஞானிகள் விதைகளில் இதைப் போன்ற சிதைவையே கண்டார்கள்.

அது பெரிய அளவு, அப்படி ஒரே மூச்சில் யாரும் விழுங்குவதில்லை என்று கம்பெனி டாக்டர் சொல்லலாம். சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் அமெரிக்காவில் 1980-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பார்க்கட்டும். ஆண் சுண்டெலிக் குஞ்சுகளுக்குத் தீனியோடு மாங்கனீஸ் ஆக்ஸைடைக் கலந்து கொடுத்தார்கள். உடம்பு சாதாரணமாகவே வளர்ந்தது. பார்க்கிறவன் கண்ணுக்கு நோய் எதுவும் தெரியாது. விதைகளின் வளர்ச்சி மட்டும் பின்தங்கிவிட்டது. 2001-ல் ஜோர்டான் நாட்டில் வெளியான ஆராய்ச்சியில் சுண்டெலிகளுக்குக் குடிதண்ணீரில் மாங்கனீஸ் குளோரைடைக் கொடுத்தார்கள். மிக உயர்ந்த அளவில் ஆண்களின் இனவிருத்தி குறைந்தது. பெண்களின் கருப்பையில் தங்கிய கருக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. டெக்ஸஸில் வேறொரு கோணத்திலிருந்து பார்த்தார்கள். சின்ன அளவு மாங்கனீஸ் கொடுத்த பெண் எலிக் குஞ்சுகள் உரிய காலத்துக்கு முன்பே பருவமடைந்தன. அதாவது, இந்த உலோகம் ஆயுதம் எடுத்து விதைகளை மட்டும் தாக்கவில்லை. பருவத்தின் கடிகாரத்தையே கையால் திருகுகிறது.

கூண்டுப் பிராணி வேறு, காட்டுப் பிராணி வேறு அல்லவா? ஆஸ்திரேலியாவில் க்ரூட் ஐலண்ட் என்ற தீவில் பெரிய மாங்கனீஸ் சுரங்கம் இருக்கிறது. அங்கே குவோல் என்ற சிறு பிராணி வாழ்கிறது. பையில் குட்டி சுமக்கும் இனம். அழிவின் விளிம்பில் நிற்பது. 2018-ல் வெளியான ஆராய்ச்சி அதன் மயிரிலும் மூளையிலும் விதைகளிலும் மாங்கனீஸ் சேர்ந்திருப்பதைக் காட்டியது. அதனால் அதன் இனவிருத்தி குறைந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நாமும் அப்படிச் சொல்லவில்லை. சுரங்கத்தின் தூசு வேலி தாண்டி, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஜீவனுக்குள்ளும் போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம்.

சரி, மனிதனுக்கு?

மாங்கனீஸ் தொழிலாளியை முடமாக்கும் என்பது 1837-லேயே தெரிந்துவிட்டது. கிளாஸ்கோவில் துணி வெளுக்கும் பவுடர் தயாரித்த ஆலையில் கறுப்பு மாங்கனீஸை அரைத்துக்கொண்டிருந்த ஐந்து பேரை ஜான் கூப்பர் என்ற டாக்டர் பார்த்து எழுதினார். கால் தளர்ந்து, தள்ளாடி, குரல் கம்மி, எச்சில் ஒழுக நின்றார்கள். மில் துணி வெள்ளையாக வேண்டும் என்பதற்காக அரைத்த தூள் அது! 1955-ல் ரோடியே என்ற டாக்டர் மொராக்கோ சுரங்கத் தொழிலாளர்களில் 150 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிறகு சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியும் எழுதப்பட்டது. நடுக்கமும் தள்ளாட்டமும் கண்ட இந்த ஆண்களிடம் இன்னொன்றும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது: ஆண்மைக் குறைவு. டாக்டர்கள் அதை நோய்க்குறிகளின் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே போய்விட்டார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது!

1985-ல்தான் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். பெல்ஜியத்தில் மாங்கனீஸ் உப்புகள் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்த 85 பேரிடம், உங்களுக்கு எத்தனை குழந்தைகள், எப்போது பிறந்தன என்று விசாரித்தார்கள். மாங்கனீஸ் தூசு படாத தொழிலாளர்களின் கணக்கோடு ஒப்பிட்டால் பிறந்திருக்க வேண்டிய எண்ணிக்கையைவிடக் குறைவாகவே குழந்தைகள் பிறந்திருந்தன. அந்த ஆலையில் காற்றில் இருந்த தூசு எவ்வளவு? ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் மாங்கனீஸ். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1992-ல் அதே பெல்ஜியத்தில் பாட்டரி ஆலைத் தொழிலாளர்களிடம் இதேபோன்ற விசாரணை நடந்தது. காற்றில் இருந்தது சுமார் 0.7 மில்லிகிராம். குழந்தைப் பேறு குறைந்ததாகத் தெரியவில்லை. ஈயத்தில் வேலை செய்தவர்களிடம்தான் குறைவு தெரிந்தது. ஆகவே மாங்கனீஸ் பட்டவனெல்லாம் மலடாவான் என்று மேடையில் முழங்குவது தப்பு. அப்படி முழங்கினால் ஒரே வாரத்தில் கம்பெனி வக்கீல் நம் வாயை அடைத்துவிடுவான். நாம் சொல்வது இவ்வளவுதான்: பிராணிகளிடம் கேடு நிரூபணமாகியிருக்கிறது; நோய் முற்றிய தொழிலாளியிடம் ஆண்மைக் குறைவு கண்டறியப்பட்டிருக்கிறது; நோய் வெளியே தெரியாத தொழிலாளியிடம் ஒரு விசாரணை ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. சந்தேகம் இருக்கும் இடத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்கு? கோர்ட்டில் என்றால் குற்றவாளிக்கு. ஆலையில் அது தூசுக்கா போக வேண்டும்?

சட்டம் நடுக்கத்துக்காகக் காத்திருக்கிறது

இனி நம் சட்டத்தைப் பார்ப்போம். 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலும், 1948-ம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலிலும் மாங்கனீஸ் நோய் இடம்பெற்றது. சந்தோஷம். 1952-ம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வெளியிட்ட பட்டியலில் எப்படி எழுதினார்கள்? "மாங்கனீஸ் விஷம் – நரம்பு வகை". கை நடுங்க வேண்டும், கால் தள்ளாட வேண்டும், முகம் மரப்பாச்சி போல் உறைய வேண்டும்; அப்போதுதான் நோய். அதற்கு முன்னால் வீட்டுக்குள் என்ன அழிந்தாலும் அது நோய் அல்ல. 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் அமுலுக்கு வந்து, பழைய தொழிற்சாலைச் சட்டத்தையும் சுரங்கச் சட்டத்தையும் விழுங்கிவிட்டது. அதன் பட்டியலிலும் மாங்கனீஸ் விஷம் இருக்கிறது. குழந்தைப் பேற்றைப் பற்றித் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற கட்டளையை அந்தப் பட்டியலில் காணோம்.

அளவு விஷயம் இன்னும் மோசம். தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-ல் சேர்த்த அட்டவணை, மாங்கனீஸ் தூசுக்கு ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமை உச்ச வரம்பாக வைத்தது. புகைக்கு 1 மில்லிகிராம். அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் சங்கம் 2013-ல் சிபாரிசு செய்த அளவு மூச்சில் போகும் தூசுக்கு 0.1 மில்லிகிராம், நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூசுக்கு 0.02. உச்ச வரம்பு வேறு, எட்டு மணி நேரச் சராசரி வேறு என்று ஒரு நியாயம் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டே பார்ப்போம். 5 எங்கே, 0.1 எங்கே? குழந்தைகள் குறைந்த பெல்ஜியம் ஆலையில் இருந்தது 1 மில்லிகிராம் என்று சொன்னோமே, அந்த ஆலை நம் அட்டவணைப்படி சுத்தமான ஆலை!

பெண் தொழிலாளியின் கணக்கு தனி. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு மாங்கனீஸ் அதிகமாக ஏறும். இரும்பு வரும் வாசலில் ஆள் இல்லாவிட்டால் மாங்கனீஸ் உள்ளே நுழைந்துகொள்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கருவுற்ற தாயின் ரத்தத்திலிருந்து மாங்கனீஸ் சிசுவுக்கும் போகிறது. பிறந்த சிசுவின் ஈரலோ அதை வெளியே தள்ளும் பலம் பெற்றிருப்பதில்லை. கஞ்சி குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவளும், முட்டையும் கீரையும் தின்று வருகிறவளும் ஒரே கூரையின் கீழ் ஒரே தூசைச் சுவாசித்தாலும் விஷம் இருவருக்கும் ஒரே அளவில் ஏறாது. இதை எந்த அட்டவணையும் கணக்கில் எடுக்கவில்லை.

வயலில் அடிக்கும் மருந்து

மாங்கோசெப் என்பது மாங்கனீஸும் துத்தநாகமும் சேர்ந்த மஞ்சள் நிறப் பொடி. நீலகிரியில் உருளைக்கிழங்குக்கும், சமவெளியில் நிலக்கடலை, மிளகாய், வாழைக்கும் அடிக்கிறோம். 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இனவிருத்திக்குக் கேடு செய்யும் பொருள், சுரப்பிகளைக் குழப்பும் பொருள் என்பது அங்கே சொன்ன முக்கியக் காரணங்களில் சேர்ந்தது. இங்கே குற்றம் முழுவதையும் மாங்கனீஸ் தலையில் கட்டக் கூடாது. இந்த மருந்து சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தயோயூரியா என்ற பொருள்தான் தைராய்டையும் கருவையும் தாக்குவதில் முன்னால் நிற்கிறது. அடிக்கிற ஆளுக்கோ அந்தப் பாகுபாட்டால் என்ன லாபம்? இரண்டும் ஒரே டேங்கில் அவன் முதுகில் ஏறுகின்றன.

நம் மத்திய சர்க்கார் 2020 மே மாதம் 27 பூச்சி, பூஞ்சாள மருந்துகளுக்குத் தடை விதிக்க வரைவு ஆணை போட்டது. மாங்கோசெப் அதில் இருந்தது. மருந்துக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுத்தடை விழுந்தவை விரல் விட்டு எண்ணக் கூடியவை, மாங்கோசெப் தப்பித்துக்கொண்டது. ஐரோப்பியக் குழந்தையின் கருவுக்கு ஆகாதது நம் கூலிக்காரன் வீட்டுக் கருவுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்கிறோம்.

என்ன கேட்பது?

சங்கக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தால் பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. போனஸைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் பேசுகிறவர்கள் இதைப் பேச வெட்கப்படுகிறார்கள். வெட்கத்தால் லாபம் அடைகிறவன் முதலாளி ஒருவனே. அவன் ஆலைத் தூசைப் பற்றி யாரும் கேட்காதவரையில் வீட்டுக்குள் பழி பெண் மீது விழுந்துகொண்டே இருக்கும்.

மாங்கனீஸ் புழங்கும் ஒவ்வோர் ஆலையிலும், வெல்டிங் கூடத்திலும், ஜீன்ஸ் பட்டறையிலும் காற்றை அளந்து, கிடைத்த எண்ணை வாசல் பலகையில் தமிழில் எழுத வேண்டும். வரம்பை 5-லிருந்து 0.1-க்கு இறக்க வேண்டும். துளை போடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் தூசு அடங்கும். புகை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வைத்தால் புகை முகத்துக்கு வராது. இதெல்லாம் புதிய விஞ்ஞானம் அல்ல, செலவு. துணி முகமூடியைக் கையில் திணித்துவிட்டுப் பாதுகாப்பு கொடுத்தோம் என்று கணக்கு எழுதுவதை ஒப்புக்கொள்ளக் கூடாது; நுண்தூசுக்குத் துணி தடுப்பு ஆகாது. வருஷாந்திர வைத்தியப் பரிசோதனையில் குழந்தைப் பேறு, கருச்சிதைவு, ஆண்மைக் குறைவு பற்றிய கேள்விகள் வேண்டும். ஆணுக்கு விந்துப் பரிசோதனையை இ.எஸ்.ஐ. செலவிலேயே செய்ய வேண்டும். விடை தொழிலாளியின் கையில் வர வேண்டும். மானேஜர் மேஜைக்குப் போகக் கூடாது. கேடு தெரிந்தால் அதே சம்பளத்தில் வேறு வேலை. வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்ற பயம் இருந்தால் எவனும் வாய் திறக்க மாட்டான்.

மருந்து அடிக்கும் கூலிக்காரர்களுக்குக் கையுறை, கண்ணாடி, சரியான முகக்கவசம், மாற்றுத் துணி, குளிக்கத் தண்ணீர் ஆகியவற்றை நிலக்காரர் கொடுத்தாக வேண்டும் என்று கூலி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கர்ப்பிணிப் பெண் மருந்து கலக்கும் இடத்தில் நிற்க வேண்டாம். அந்த நாளுக்கு வேறு வேலை கேட்க வேண்டும். மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். டேங்கைக் கழுவிய தண்ணீர் மாடு குடிக்கும் குட்டைக்குப் போகக் கூடாது. அடித்த வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடவும் கூடாது.

பசு சினைப்படவில்லை என்றால் அடிமாட்டு வியாபாரிக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்னால் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போங்கள். கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள். என்ன தீனி, எந்தத் தண்ணீர், பக்கத்தில் என்ன ஆலை, என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே தெருவில் பல மாடுகள் கன்று வீசினால் தேதி, மாட்டின் வயது, சினை மாதம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கன்று வீச்சுக்குத் தொற்றுநோயும் காரணமாகலாம், ஆகவே ரத்தப் பரிசோதனை முதலில். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அந்த நோட்டோடு விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு வாருங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பும் மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம். குடிதண்ணீரில் மாங்கனீஸ் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 0.3 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த இரண்டு எண்களையும் மனுவிலேயே எழுதிவிடுவோம்.